செட்டிநாட்டு வீட்டில் நெட் விட்டு விட்டு வருகிறதா? ரூட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். கானாடுகாத்தான் பக்கம் தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறார்கள், மகனான நீங்கள் சிங்கப்பூரில். ஃபைபர் மோடமும் ரூட்டரும் முகப்பை ஒட்டிய அறையில். வீடியோ கால் பேசும்போது பாதியில் உறைந்துவிடுகிறது. பின்வாசலில் இருக்கும் வைஃபை கேமரா பொழுது சாய்ந்ததும் போய்விடுகிறது, விடிந்ததும் தானாக வந்துவிடுகிறது. ரூட்டரை இரண்டு முறை மாற்றியாயிற்று, ரெண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில்) வைஃபையை நீட்டிக்க ஒரு ரிப்பீட்டரும் போட்டாயிற்று. அடுத்து எந்த ரூட்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இரண்டு ரூட்டர் மாறியும் அதே கோளாறு வருகிறதென்றால், கோளாறு ரூட்டரில் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் கேபிள், கேமரா வேலை பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே பழுது பெரும்பாலும் கரண்டில் இருக்கும், இல்லையென்றால் சுவரில், அதுவும் இல்லையென்றால் கேபிளின் முனையில். பெட்டியே கெட்டுப்போவது அபூர்வம். ஆனால் கடைக்காரர் விற்க முடிந்தது பெட்டியைத்தான் என்பதால் எல்லோரும் பெட்டியைத்தான் மாற்றுகிறார்கள்.

முதலில், 'நெட் போச்சு' என்று வீட்டில் சொல்வதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் லைன் போயிருக்கலாம். லைன் இருந்தும் வைஃபை எட்டாமல் இருக்கலாம். வைஃபையும் இருந்து, அந்தக் கருவிக்கு மட்டும் கரண்ட் போதாமல் அது அணைந்து அணைந்து எரியலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றுக்கு மேல் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. வீடியோ கால் உறைவதும் கேமரா போவதும் ஒரே நோயாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேமராவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது நேரம் தவறாமல் போகிறது. நேரம் தவறாத கோளாறு கண்டுபிடிக்கச் சுலபமானது. பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டில் என்ன மாறுகிறது? இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, வெளிச்சம் குறைந்ததும் கேமரா தன் இன்ஃப்ராரெட் விளக்குகளைப் போட்டுக்கொள்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அதுவும் கரண்ட் குடிக்கிற விளக்குதான். பகலில் கால் ஆம்பியரில் ஓடும் கேமரா, இரவில் அரை, முக்கால் ஆம்பியர் கேட்கும். உங்கள் வீட்டில் அடாப்டர் ரெண்டாங்கட்டு பாயின்ட்டில் இருக்கிறது, அங்கிருந்து மெல்லிய வயர் பின்வாசல் வரை இழுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: அரை ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 40 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் தடை 2.75 ஓம் அளவுக்கு வரும். பகலில் கால் ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட்தான் வழியில் போகும், 12 வோல்ட் 11.3 ஆகிக் கேமராவை எட்டும், அது பொறுத்துக்கொள்ளும். இரவில் 0.7 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அளவுக்கு வழியிலேயே போய்விடும். 10 வோல்ட்டில் பல கேமராக்கள் எழுந்து நிற்காது. விளக்குப் போடும், வோல்டேஜ் விழும், அணையும், மறுபடி எழும், மறுபடி விளக்குப் போடும். போனில் பார்க்கும் உங்களுக்கு அது 'ஆஃப்லைன்' என்று மட்டும் தெரியும். வயர் செம்பாக இல்லாமல் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மலிவு வயரில் அதுதான் அதிகம் வருகிறது.

இரண்டாவது, விளக்கு வைக்கும் நேரத்தில் பின்வாசலைச் சாத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கதவுகளும் சாத்தப்படும். நம் பக்கத்து வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு (முதல் முற்றம்), ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் நிலைகள் தெரியும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வைத்த அந்த வழி, வைஃபைக்கும் வழியாகிவிடுகிறது. பகலெல்லாம் கதவுகள் திறந்திருக்க, சிக்னல் சுவரைத் துளைக்காமல் நிலை வழியாகவே ஓடிப்போகிறது. இரவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கனத்த தேக்குக் கதவுகள் குறுக்கே வந்துவிடுகின்றன. மரம் செங்கல் அளவுக்கு மறைக்காது என்றாலும், ஏற்கெனவே விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் சிக்னலைக் கவிழ்க்க இரண்டு மூன்று கதவுகள் போதும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஆள் வர வேண்டியதில்லை. பட்டப்பகலில், கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்போது, கேமராவின் முகத்தைக் கனமான கறுப்புத் துணியால் மூடச் சொல்லுங்கள். இருட்டு என்று நினைத்து அது விளக்கைப் போடும். ஐந்து பத்து நிமிடத்தில் கேமரா ஆஃப்லைன் ஆனால் குற்றவாளி கரண்ட். ஆகவில்லையென்றால் துணியை எடுத்துவிட்டு, பகலிலேயே பின்வாசலையும் நடுக்கதவுகளையும் சாத்தச் சொல்லுங்கள். அப்போது போனால் குற்றவாளி சிக்னல். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிடாதீர்கள், அப்புறம் எதனால் என்று தெரியாமல் போய்விடும். தனித்தனியாகச் செய்தும் போகவில்லை, இரண்டும் சேர்ந்தால் மட்டும் போகிறது என்றால் இரண்டுமே அரைகுறையாக இருக்கிறது என்று அர்த்தம்.

கரண்ட் என்றால் தீர்வு எளிது. அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். 230 வோல்ட் வயர் நீளமாகப் போகலாம், 12 வோல்ட் வயர் நீளமாகப் போகக்கூடாது. மழைச்சாரல் படாமல் தாழ்வாரத்துக்குள் ஒரு மூடிய பெட்டியில் வையுங்கள். வோல்டேஜ் அதே 12 இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பின்னின் தடிமனையும் பாருங்கள். 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு, வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெரிய துளைப் பின்னைச் சின்ன ஊசியில் செருகினால் உள்ளே லொடலொடவென்று தொட்டும் தொடாமலும் நிற்கும். அது தரும் தலைவலிக்கு அளவில்லை.

அடாப்டர் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், முகப்பில் இருக்கும் மோடம், ரூட்டருக்கும் இது பொருந்தும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோகும். இயங்கும் சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில், அதுவும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த ரூட்டருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் காய்ந்துபோன அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் என்று சரியாகத்தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் விழும். அதனால் அளந்து பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். வேறொரு நல்ல அடாப்டரை மாற்றிச் செருகி இரண்டு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். மதிய வெயிலில் மட்டும் நெட் போகிறதென்றால் ரூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடும்வரை நெட் போகாமல் இருக்கிறதென்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மோடம் அணைந்து எழுந்தாலும் நெட் இரண்டு மூன்று நிமிடம் இருக்காது. அப்பச்சி அதைத்தான் 'அடிக்கடி போகுது' என்று சொல்கிறாரோ என்னவோ. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் மோடத்துக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. இந்த ஒரு பொருளை மட்டும் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் போன் வேலை செய்ய வேண்டும்.

சரி, வீடியோ கால். அடுத்த முறை உறையும்போது ஆத்தாவை மோடம் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லி இரண்டு கேள்வி கேளுங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா? மோடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பேசினால் சரியாக வருகிறதா? சிவப்பு எரிந்தால் ஃபைபர் லைன் கோளாறு, ரூட்டரையோ வைஃபையையோ தொட்டுப் பயனில்லை. சிவப்பு இல்லை, பக்கத்தில் நின்றால் நன்றாக வருகிறது என்றால் லைன் சுத்தம், வைஃபைதான் எட்டவில்லை. பக்கத்தில் நின்றும் உறைகிறது, சிவப்பும் இல்லை என்றால்தான் கொஞ்சம் நோண்ட வேண்டும்.

நீங்கள் ஊருக்கு வரும்போது லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரில் செருகி, மூன்று பிங் (ஒரு முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஒன்று ரூட்டரின் முகவரிக்கு, அது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. மூன்றாவது ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதலாவதே அறுந்தால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது அறுபடாமல் இரண்டாவது அறுந்தால் லைனில். எண்ணுக்குப் போகிறது, பெயருக்கு மட்டும் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை), அதை ரூட்டர் செட்டிங்கில் மாற்றிவிடலாம். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு எந்த நேரத்தில் அறுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குப் போன் செய்யும்போது 'நெட் ஸ்லோ' என்று சொன்னால் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்றுதான் பதில் வரும். 'இரவு 8.10க்கும் 8.40க்கும் ரூட்டர் வரை பிங் சுத்தமாக இருக்கும்போதே வெளியே போகும் லைன் அறுந்தது' என்று சொன்னால் ஆள் வருவார்.

வருகிறவரிடம் ஆப்டிகல் பவர் (ஃபைபரில் வரும் ஒளியின் வலு) எவ்வளவு என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு மோடம்கள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை வாங்கும். டிபிஎம் என்பது வலுவின் அலகு, மைனஸ் எண் கூடக்கூட வலு குறைவு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் இருந்தால், காற்றில் கேபிள் ஆடினாலே லைன் போய்ப் போய் வரும். முகப்புத் தூணைச் சுற்றிக் கேபிளை இறுக்கி மடக்கியிருக்கிறார்களா, அணில் கடித்திருக்கிறதா, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று கண்ணால் தேடுங்கள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் தலையின் நிறத்தையும் பாருங்கள்: பச்சைத் தலை பச்சைத் துளையில், நீலத் தலை நீலத் துளையில். பச்சையின் முகம் சாய்வாகச் செதுக்கியது, நீலத்தில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஒளி வழியிலேயே வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

வைஃபைதான் எட்டவில்லை என்றால், வீட்டைப் புரிந்துகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இரண்டடிக்கு நெருங்கிய கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகமானது, ஆனால் இப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 அதைவிடத் தள்ளிப் போகும், வேகம் குறைவு. மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்திருக்கும்போது இரண்டுமே இன்னும் இளைக்கும். பட்டாலை என்னும் கூடத்தில் மாட்டியிருக்கும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடியின் பின்பக்கம் உலோகப் பூச்சு இருக்கிறது, அது சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். இரும்புப் பெட்டகமும் பீரோவும் அப்படியே. ரூட்டரை இவற்றின் பக்கத்தில் வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

அதே வீட்டில் சாதகமும் இருக்கிறது. வளவு முற்றம் முழுக்கத் திறந்த வெளி. முற்றத்தைப் பார்த்த ஒரு உத்தரத்துக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் நெட் வாங்கி வைஃபையாகத் தரும் பெட்டி) வைத்தால், சுற்றியிருக்கும் தாழ்வாரம் முழுக்கச் சுவர் குறுக்கே வராமல் சிக்னல் கிடைக்கும். முகப்பு அறையில் எவ்வளவு விலை கூடிய ரூட்டரை வைத்தாலும், எத்தனை ஆன்டெனா முளைத்திருந்தாலும் இந்த இடத்துக்கு ஈடாகாது. எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, கட்டுக் கட்டாக நடந்து பாருங்கள். அது காட்டும் சிக்னல் எண்ணும் டிபிஎம்தான்: மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும். அப்பச்சி எங்கே உட்கார்ந்து பேசுவாரோ, அந்த இடத்து எண்தான் முக்கியம். வீடு முழுக்க சிக்னல் வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம், பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கு வைஃபை எதற்கு?

ரிப்பீட்டர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கடுமையானது. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்கிறது, அதனால் வேகம் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் போய் மாட்டிவிடுகிறார்கள். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? போனோ ஒருமுறை பிடித்த ரூட்டரை லேசில் விடாது, முகப்பு ரூட்டரின் தேய்ந்துபோன சிக்னலையே பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ரிப்பீட்டரைக் கண்டுகொள்ளாது. முதல் வேலையாக அதைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற சோதனைகளைச் செய்யுங்கள்.

அதற்குப் பதில், கழற்றிப் போட்ட பழைய ரூட்டர்களில் ஒன்றை எடுங்கள். நல்லதாகத்தான் இருக்கும். அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்துங்கள், முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், முகப்பு ரூட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்குக் கேபிள் போடுங்கள்; வெளி லைனுக்கான வேன் (WAN) துளையைத் தொட வேண்டாம். இதுதான் உங்கள் வளவு ஆக்சஸ் பாயின்ட். டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும், சில போனுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. சில வீடுகளில் வருடக்கணக்காக 'பேய்க் கோளாறு' என்று பேசப்பட்டது இதுவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முகப்பு ரூட்டரில் 2.4க்கு சேனல் 1 வைத்தால் வளவில் 6 அல்லது 11 வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

கேபிள் போடும்போது தயவுசெய்து சுவரைக் கொத்த விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துத் தேய்த்த அந்தப் பூச்சு, டிரில் வைத்தால் பாளம் பாளமாகப் பெயரும். சிமென்ட் வைத்து அடைத்தால் ஒட்டாது, ஈரம் சேர்ந்து சுற்றியிருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். நிலைகளுக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கி வழியாக, ஓட்டுத் தாழ்வாரத்தின் அடிமறைவில், கேபிளைக் கொண்டுபோக எப்போதும் ஒரு வழி இருக்கும். தேக்கில் ஆணி அடிக்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் நைலான் டை போட்டுக் கட்டலாம். பழைய மரக் கேசிங்குக்குள் மின்சார வயரோடு சேர்த்து நெட் கேபிளைத் திணிக்கக் கூடாது, அது ஆபத்து.

செம்பு லேன் கேபிள் 100 மீட்டர் வரைதான். தெருவுக்குத் தெரு போகும் வீட்டில் தரையில் அளந்தால் அதற்குள் வந்தாலும், மேலே ஏறி, சுற்றி, இறங்கினால் தாண்டிவிடக்கூடும். ரூட்டரும் நெட்வொர்க் சுவிட்சும் (ஒரு லேன் கேபிளைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) கிகாபிட் என்றிருந்தும் வேகம் சரியாக 100 எம்பிபிஎஸ்ஸுக்குள் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் நான்கு ஜோடி வயர்களில் ஏதோ ஒன்று முனையில் பிடிக்கவில்லை. கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே-45 தலையை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்தாலே (அழுத்திப் பொருத்தினாலே) சரியாகிவிடும்.

பின்கட்டு வரை போவதென்றால் நான் செம்பை விட்டு ஃபைபரே போடச் சொல்வேன், இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளிக்கும் லேன் கேபிளுக்கும் இடையே மாற்றித் தரும் பெட்டி). காரணம் தூரம் மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை இடியில் பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினால், நீண்ட செம்புக் கேபிளில் திடீர் மின்னழுத்தம் ஏறி, கேமராவிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ரூட்டர் என்று வரிசையாகக் கொன்றுவிடும். ரூட்டரில் ஒரே ஒரு துளை மட்டும் செத்து மற்றவை வேலை செய்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள். ஸ்பைக் பஸ்டரை நம்பி இருக்காதீர்கள். அது எர்த் இருந்தால்தான் முழுசாக வேலை செய்யும், பழைய வீடுகளில் பல பாயின்ட்டுகளுக்கு எர்த் வயரே போயிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முகப்பு அறை பாயின்ட்டுக்காவது எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே ரிப்பீட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டு, துணிச் சோதனையும் கதவுச் சோதனையும் வெவ்வேறு நாளில் செய்யச் சொல்லுங்கள். உறையும் நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததா என்று காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடாப்டரிலும் எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டால், போனில் நீங்கள் சொல்வது அவர்களுக்குப் புரியும். தினமும் ஆஃப் செய்து ஆன் செய்யும் டைமர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளில்லாமல் பூட்டிய வீட்டுக்கு அது சரி, உங்கள் வீட்டில் அது கோளாறை மறைக்கும், வேண்டாம். சோதனைகளின் முடிவோடு, ரூட்டர் மாடலையும் கேமரா அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு எந்தக் கேபிள், எத்தனை மீட்டர் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.